வரிக்குதிரையைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க சஃபாரியில் முதல் நாள் காலை எல்லோரும் வரிக்குதிரையைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பார்கள். மதியத்துக்குள் சலித்துவிடும். அடுத்த நாள் அதற்காக வண்டியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது. சிங்கம் எங்கே, சிறுத்தை எங்கே என்றுதான் பேச்சு. ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் வரிக்குதிரைப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அத்தனையும் பக்கவாட்டில் நின்று புல் மேய்கிற ஒரே படம். கேமராவை நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இதே கதைதான், ஏனென்றால் அவர்களுக்கு வரிக்குதிரையைத் தெரியாது. அதனால் கீழே உள்ள பதில்களில் லென்ஸைவிட விலங்கைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எந்த நாட்டுக்குப் போவது? வரிக்குதிரை எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இன்று காட்டில் மூன்று இனங்கள் உண்டு. நாம் காலண்டரில் பார்ப்பது சமவெளி வரிக்குதிரை. அகலமான வரி, வயிற்றுக்கு அடிவரை இறங்கி வரும். கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரெங்கெட்டி, நமீபியாவின் எட்டோஷா, போட்ஸ்வானா என்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. தெற்கே போகப் போக இரண்டு கறுப்பு வரிக்கு நடுவே மங்கலான பழுப்பு வரி ஒன்று தெரியும், நிழல் வரி என்பார்கள். மாராவில் எடுத்த படத்தையும் எட்டோஷாவில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இதைக் கொண்டே எது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது, கிரெவி வரிக்குதிரை. உருவம் பெரியது, வரி மெல்லியது, வயிறு வெள்ளை, காது அகலமாக வட்டமாக இருக்கும். 1882-ல் அபிசீனியாவிலிருந்து (இன்றைய எத்தியோப்பியா) பிரெஞ்சு அதிபர் ஜூல் கிரெவிக்கு ஒன்று பரிசாகப் போனது. அவர் பெயரே இனத்துக்கு ஒட்டிக்கொண்டது. இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை சில ஆயிரம் மட்டுமே. பெரும்பகுதி வட கென்யாவில், அதாவது சம்புரு, லைக்கிப்பியா, லேவா பக்கம், கொஞ்சம் எத்தியோப்பியாவில்.

மூன்றாவது, மலை வரிக்குதிரை. தொண்டைக்குக் கீழே தோல் மடிப்பு தொங்கும், பிட்டத்தின் மேல் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள் ஓடும். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் இது அழியும் தறுவாயில் இருந்தபோது, 1937-ல் க்ராடக் ஊருக்குப் பக்கத்தில் இதற்காகவே ஒரு தேசியப் பூங்கா அமைத்தார்கள்.

முதல் பயணம் என்றால் கென்யா. மாராவையும் சம்புருவையும் சேர்த்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டு இனம் கிடைக்கும். இரண்டின் குடும்ப வாழ்க்கையும் வேறு வேறு என்பதால் படங்களும் வேறு மாதிரி வரும்.

எந்த மாதம் நல்லது?

செரெங்கெட்டியிலிருந்து புல் தேடி வலசை வரும் விலங்குகளின் பெருங்கூட்டம் மாராவில் இருப்பது ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை. அப்போது சஃபாரி வண்டிகளும் பெருங்கூட்டம்தான். 2024-லிருந்து மாராவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100 டாலர்.

ஆனால் மாராவில் ஆண்டு முழுக்க உள்ளூர் வரிக்குதிரைகள் இருக்கின்றன. படம் எடுக்கிறவருக்கு நான் சொல்வது ஜனவரி, பிப்ரவரி. கூட்டமும் செலவும் குறைவு. அதே மாதங்களில் தெற்கு செரெங்கெட்டியின் குட்டைப்புல் வெளியில் பெருங்கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும், புதிதாகப் பிறந்த குட்டிகளையும் பார்க்கலாம். எட்டோஷாவுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை: காடு காய்ந்து கிடக்கும், தண்ணீர் இருக்கும் குட்டைகளுக்கு எல்லா விலங்கும் வந்தே ஆக வேண்டும். நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

எந்த லென்ஸ் எடுத்துப்போவது?

100-400 எம்எம் ஜூம் ஒன்று போதும். வரிக்குதிரை சிங்கம்போல அரிதாக எங்கோ தூரத்தில் இருப்பதல்ல, சாலையோரமே நிற்கும். 600 எம்எம் பறவைக்காரர்களுக்கு. கூடவே 24-105 மாதிரி ஒன்று இருந்தால், கூட்டமும் வானமும் சேர்ந்த அகலப் படத்துக்கு ஆகும். முக்காலி வண்டிக்குள் உதவாது. லென்ஸைத் தாங்க ஜன்னலில் வைக்கும் பீன்பேக் பையைக் காலியாக எடுத்துப்போய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.

வண்டியின் கூரைத் திறப்பில் நின்று எடுக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், எல்லோர் படத்திலும் வரிக்குதிரை கீழே கிடக்கும், பின்னணி முழுக்கப் புல்லாக இருக்கும். உட்கார்ந்து ஜன்னல் வழியாக எடுங்கள். கண் மட்டத்துக்கு வந்தால் பின்னணி தூரம் போய் மங்கிவிடும். கால்களும் தூசியும் படத்துக்குள் வரும்.

கறுப்பும் வெள்ளையும் கலந்த விலங்கு. எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு, எப்படி வைப்பது?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. விலங்கு படச்சட்டத்தை நிறைத்தால் கறுப்பும் வெள்ளையும் கலந்து சராசரியாக நடுச்சாம்பலுக்கு அருகே வந்துவிடும். கேமராவின் ஒளி மீட்டர் பெரிதாக ஏமாறாது. பிரச்சினை உச்சி வெயிலில்தான். வெள்ளை வரியில் மயிர்க்கால் விவரமே இல்லாமல் வெளிறிப்போகும். அப்போது எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். வெளிறிய இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு, அதைப் போட்டுவையுங்கள்.

உண்மையில் மீட்டரை ஏமாற்றுவது விலங்கல்ல, பின்னணி. இருண்ட புதருக்கு முன்னால் தூரத்தில் ஒற்றை வரிக்குதிரை நின்றால் கேமரா படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கும், இன்னும் குறைக்க வேண்டும். எட்டோஷாவின் வெண்ணிற உப்புத் தளத்தில் நேர்மாறு: படம் மங்கி வரும், கூட்ட வேண்டும். ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்தால் கறுப்பு வரிக்குள் புதைந்த விவரத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளிறிப்போன வெள்ளை திரும்பி வராது.

வீட்டில் திருத்தும்போது இன்னொன்று. மாலை நேர வரிக்குதிரையின் வெள்ளை வெள்ளையே அல்ல, செம்மண்ணும் வெயிலும் ஏறிய ஒரு பழுப்பு. அதைத் துவைத்த வேட்டி நிறத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாமே.

ஃபோகஸ் எப்போதும் வயிற்றிலோ கழுத்திலோ போய் நிற்கிறது. ஏன்?

ஆட்டோஃபோகஸ் தேடுவது ஒளி வேறுபாட்டை. வரிக்குதிரையின் உடம்பு முழுக்க அதற்கு விருந்து. கண்ணோ கறுப்புப் பட்டையில் கறுப்பாகப் புதைந்திருக்கிறது. விலங்குக் கண்ணைக் கண்டுபிடிக்கும் புதிய கேமராக்கள்கூட வெயில் தலைக்கு மேல் இருக்கும்போது தடுமாறும். ஒற்றைப் புள்ளியை எடுத்துக் கண்மேல் நீங்களே வைப்பதுதான் நம்பகமான வழி.

கண்ணில் ஒரு பொட்டு ஒளி இல்லாவிட்டால் முகமே செத்துவிடும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, விலங்கு ஒளியின் பக்கம் முகத்தைத் திருப்பும் வரை பொறுத்திருங்கள்.

கூட்டமாக நிற்கிறதே, யாரைப் பார்ப்பது?

தூரத்திலிருந்து ஒரே மந்தை மாதிரி தெரிவது, உண்மையில் பக்கத்தில் பக்கத்தில் மேயும் பல குடும்பங்கள். சமவெளி வரிக்குதிரையில் ஒரு குடும்பம் என்றால் ஓர் ஆண், சில பெண்கள், அவற்றின் குட்டிகள். ஆண் மாறினாலும் பெண்கள் பெரும்பாலும் பிரியாமல் ஒன்றாகவே இருக்கும். குடும்பம் கிடைக்காத ஆண்களும் வளர்ந்துவரும் இளவட்டங்களும் தனிக் கூட்டம்.

குடும்பம் நகரும்போது ஒற்றை வரிசையாகப் போகும். முன்னால் போவது பொதுவாக மூத்த பெண், அதன் குட்டி பின்னால், அடுத்த பெண், அதன் குட்டி. ஆண் கடைசியிலோ ஓரமாகவோ வரும். ஆபத்து என்றால் பின்னால் நின்று தடுப்பது அதன் வேலை. இது தெரிந்தால் யார் முன்னால் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். முதல் பெண் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறதோ, குடும்பம் அந்தப் பக்கம் போகப்போகிறது. டிரைவரிடம் சொல்லி நூறு மீட்டர் முன்னால் போய் எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள். பின்னால் துரத்தினால் உங்களுக்குக் கிடைப்பது பிட்டம்.

கிரெவியில் இந்தக் குடும்ப அமைப்பே கிடையாது. ஆண் ஒரு பெரிய நிலப்பரப்பைத் தனதாக்கிக்கொண்டு, எல்லையில் சாணத்தைக் குவித்து அடையாளம் வைத்துக்கொண்டு தனியாகவே நிற்கும். பெண்கள் புல்லுக்கும் தண்ணீருக்கும் ஏற்பப் பல ஆண்களின் எல்லைகள் வழியாகப் போய் வரும். சம்புருவில் காய்ந்த வெளியில் ஒற்றை ஆண் நெடுநேரம் அசையாமல் நிற்பதைப் பார்த்தால், வழி தப்பியது என்று பரிதாபப்பட வேண்டாம். அது வீட்டுக்காரர்.

சண்டை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். காதைப் பாருங்கள். காது முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் கவனம் அல்லது நட்பான விசாரிப்பு. பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டினால் கோபம். தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, காதை ஒட்டிக்கொண்டு ஓர் ஆண் நடந்து வந்தால் ஷட்டரை 1/2000 நொடிக்குக் கொண்டுபோங்கள், பேச்சை நிறுத்துங்கள்.

இரண்டு குடும்பத் தலைவர்கள் சந்தித்தால் பெரும்பாலும் சண்டை இல்லை. மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து, பக்கவாட்டில் திரும்பி, ஒன்றையொன்று மோப்பம் பிடித்து, ஒரு சடங்கு மாதிரி முடித்துக்கொண்டு அவரவர் வழியில் போய்விடும். நிஜச் சண்டை பெண்ணைச் சுற்றித்தான். முதல்முறை பருவத்துக்கு வந்த இளம் பெண் காலை அகட்டி, வாலைத் தூக்கி நிற்கும். அந்தத் தோற்றம் தூரத்திலிருந்தே வெளி ஆண்களை இழுக்கும். அவற்றை விரட்டத் தகப்பன் ஓட, இன்னொன்று மறுபக்கத்தால் வர, ஒரே களேபரம். அந்த இளம் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

சண்டைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கழுத்தால் கழுத்தை அழுத்துவது. பிறகு எதிரியின் காலைக் கடிக்கப் பார்க்கும். கடிபடாமல் இருக்க மற்றது முழங்காலிட்டுக் காலை உடம்புக்குக் கீழே மறைத்துக்கொள்ளும். இரண்டும் மண்டியிட்டுச் சுற்றிச் சுற்றி வரும் இந்தக் கட்டத்தைப் பலர் எடுப்பதே இல்லை, ஏதோ விளையாட்டு என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு அடுத்துத்தான் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்காலால் அடிப்பது, அதாவது எல்லோரும் ஆசைப்படும் அந்தப் படம். மண்டியிட்டவுடனே சற்று ஜூமைக் குறைத்துவைத்தால், எழும்போது தலை வெட்டுப்படாது.

இளவட்டக் கூட்டத்தில் இதே அசைவுகள் நாள் முழுக்க நடக்கும், ஆனால் காது அவ்வளவு ஒட்டாது, கடி ஆழமாக விழாது. அது பயிற்சி. நமக்கும் நல்ல பயிற்சி.

இரண்டு வரிக்குதிரைகள் ஒன்றின் முதுகில் மற்றது தலை வைத்து நிற்கின்றனவே, காதலா?

இந்தப் படத்துக்கு "காதல்" என்று தலைப்பு வைக்காத ஆளில்லை. பெரும்பாலும் அது ஓய்வு. எதிரெதிர்த் திசையில் பார்த்து நிற்பதால் இரண்டுக்குமாகச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கண்காணிப்பில் இருக்கும். ஒன்றின் முகத்து ஈயை மற்றதன் வால் ஓட்டும். தாயும் வளர்ந்த குட்டியும், ஒரே குடும்பத்துப் பெண்கள் இரண்டு, இளவட்ட நண்பர்கள் என யாரும் இப்படி நிற்பார்கள். பல்லால் ஒன்றின் கழுத்தையும் தோளையும் மற்றது நீவிவிடுவதும் இதே உறவுகளுக்குள்தான்.

படத்துக்கு: இரண்டு முகமும் தெளிவாக வர லென்ஸின் துவாரத்தை எஃப்/8, எஃப்/11 வரை மூடுங்கள். வெயில் ஏறிய பிறகுதான் இப்படி நிற்கும். நேராகப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால்தான் இரண்டு கழுத்தும் குறுக்கே வெட்டும்.

பல்லைக் காட்டிச் சிரிக்கிறதே?

சிரிப்பு அல்ல. பெண்ணின் சிறுநீரை முகர்ந்த ஆண், மேல் உதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி அந்த வாசனையை வாயின் மேலண்ணத்தில் இருக்கும் உறுப்புக்கு இழுக்கும். பெண் பருவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வழி. ஆகவே, பெண் சிறுநீர் கழித்தவுடன் கேமராவை அதன்மேல் வைக்காதீர்கள், பின்னால் வருகிற ஆண்மேல் வையுங்கள். சில நொடிதான் கிடைக்கும். சத்தமிடும்போதும் பல் தெரியும். சமவெளி வரிக்குதிரையின் கூப்பாடு நாய்க் குரைப்புக்குப் பக்கத்தில் வரும், கிரெவி கழுதையைப்போலக் கத்தும்.

குட்டி பிறந்திருக்கிறது என்று டிரைவர் சொன்னார். பக்கத்தில் போகலாமா?

போகாதீர்கள். வரிக்குதிரை ஏறத்தாழ ஓர் ஆண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். குட்டி சிறிது நேரத்தில் எழுந்து நின்றுவிடும், ஒரு மணி நேரத்துக்குள் ஓடவும் செய்யும். பிறந்த சில நாட்கள் தாய் அதன் பக்கத்தில் குடும்பத்து மற்ற உறுப்பினர்களைக்கூட விடாது. தாயின் வரி, வாசனை, குரல் மூன்றையும் குட்டி மனதில் பதித்துக்கொள்ள வேண்டும், அதற்கான நேரம் அது. அப்போது நம் வண்டி நடுவில் புகுந்து குட்டியைப் பிரித்தால், அது கண்ணில் படுவதன் பின்னால் ஓடும். சில சமயம் வண்டியின் பின்னாலேயே.

தூரத்தில் நின்று 400 எம்எம்மில் எடுங்கள். குட்டியின் வரி கறுப்பாக இருக்காது, செம்பழுப்பு. உடம்பு முழுக்கப் பஞ்சு மயிர், கால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எதிரொளியில், அதாவது சூரியன் விலங்குக்குப் பின்னால் இருக்கும்போது, அந்த மயிர் ஓரமெல்லாம் எரியும். கிரெவியில் இன்னொரு காட்சி கிடைக்கும்: தாய்கள் தண்ணீருக்குப் போகும்போது குட்டிகளை ஓரிடத்தில் சேர்த்து, ஒரு பெரிய விலங்கின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவதுண்டு. தாய் எங்கே என்று தேடி வண்டியை ஓட்டிக் கலைத்துவிடாதீர்கள்.

2019-ல் வந்த புள்ளி போட்ட வரிக்குதிரைப் படம் போட்டோஷாப்பா?

உண்மைதான். செப்டம்பர் 2019-ல் மாராவில் ஒரு குட்டி, கருமையான உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு தென்பட்டது. முதலில் கண்ட வழிகாட்டி ஆண்டனி தீராவின் பெயரால் அதையும் தீரா என்றே அழைத்தார்கள். நிறமி சார்ந்த மரபணு மாற்றம். செய்தி பரவியதும் வண்டிகள் அதைச் சூழ்ந்ததுதான் அந்தக் கதையின் அழகில்லாத பகுதி.

மாரா ஆற்றைக் கடப்பதை எப்படி எடுப்பது?

அந்தப் பெருவலசையில் காட்டுமாடுகள் (வில்டபீஸ்ட்) பத்து லட்சத்துக்கும் மேல். வரிக்குதிரைகள் சுமார் 2 லட்சம். எண்ணிக்கையில் சிறுபான்மை, ஆனால் பெரும்பாலும் முன்னால் போவது அவைதான். முற்றிய, நார் மிகுந்த உயரப் புல்லை அவற்றின் வயிறு தாங்கும். மேலே உள்ளதை அவை கடித்துப்போக, கீழே உள்ள இளசைப் பின்னால் வரும் காட்டுமாடு மேயும்.

ஆற்றங்கரையிலும் வரிக்குதிரையின் குணம் வேறு. காட்டுமாடு ஒன்று குதித்தால் எல்லாம் குதிக்கும். வரிக்குதிரை இறங்கும், முகரும், தண்ணீரைப் பார்க்கும், திரும்பி ஏறும். மணிக்கணக்கில் இதே. குடும்பத்தில் ஒன்று பின்தங்கினால் அக்கரை போனவை நின்று கூப்பிடும், சில சமயம் திரும்பவும் நீந்தி வரும். இந்தத் தயக்கமும் கூப்பாடும்தான் என் பார்வையில் நல்ல படம். முதலை பாய்கிற நொடிக்காகவே பர்ஸ்ட்டில், அதாவது விரலை எடுக்காமல் தொடர்ச்சியாக, ஆயிரக்கணக்காகச் சுட்டுத் தள்ளுகிறவர்கள் இதை ஒன்றைக்கூட எடுப்பதில்லை.

வண்டியை விலங்குகள் இறங்கும் பாதையில் நிறுத்தாதீர்கள். டிரைவர் ஆர்வத்தில் நெருங்கினால் நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஆறு வேண்டாம். அமைதியான இடத்தில் தண்ணீர் குடிக்கும் படம்?

எட்டோஷா. குட்டைக்கு வரும்போது வரிக்குதிரைக்கு உயிர் கையில் இருக்காது. தூரத்தில் நின்று வெகுநேரம் பார்க்கும், சில அடி வரும், மறுபடி நிற்கும். பிறகு வரிசையாகத் தலை குனிந்து குடிக்கும். அந்த வரிசையும் அதன் நீர்ப் பிம்பமும் ஒரு படம். ஏதோ ஒரு புறா சிறகடித்தால் போதும், மொத்த வரிசையும் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு பாயும். அது இன்னொரு படம், இதைவிட நல்ல படம். ஆகவே குடிக்கும்போதே ஷட்டர் 1/1600-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்.

சிங்க வேட்டையை வரிக்குதிரையை வைத்துக் கண்டுபிடிக்கலாமாமே?

ஆமாம். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுக்கத் தலையைத் தூக்கி, காதை முன்னால் நீட்டி, ஒரே திசையைப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அனுபவமுள்ள டிரைவர்கள் ரேடியோவைவிட இதைத்தான் நம்புவார்கள். வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்குத் தெரிந்த சிங்கத்துக்கு வரிக்குதிரை அவ்வளவாக ஓடாது, பார்த்துக்கொண்டே இருக்கும். வரிக்குதிரை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது, பின்னங்கால் உதை சிங்கத்தின் தாடையை உடைக்கவல்லது. மறைந்திருக்கும் சிங்கம்தான் அதன் கவலை.

வரி எதற்காக? வழிகாட்டிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

ஒளிந்துகொள்ள, சிங்கத்தின் கண்ணைக் குழப்ப, உடம்பைக் குளிர்விக்க என்று பல விளக்கங்கள், டார்வின், வாலஸ் காலத்திலிருந்தே வாதம். இன்று வலுவான சான்று உள்ளது கடிக்கும் ஈயைத் தடுக்கத்தான் வரி என்ற விளக்கத்துக்கு. உயிரியலாளர் டிம் காரோவும் கூட்டாளிகளும் இங்கிலாந்தின் ஒரு குதிரைப் பண்ணையில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கடிக்கும் குதிரை ஈக்கள் வரிக்குதிரையையும் சாதாரணக் குதிரையையும் ஒரே அளவில் நெருங்கின. ஆனால் வரியுள்ள உடம்பில் வேகத்தைக் குறைத்து ஒழுங்காக இறங்க முடியவில்லை. சாதாரணக் குதிரைக்கு வரிபோட்ட போர்வையைப் போர்த்தியபோதும் மூடிய இடத்தில் அதே கதை. ஜப்பானில் மாட்டுக்கு வரி வரைந்து பார்த்து ஈக்கடி பாதியாகக் குறைந்தது என்றார்கள். அந்த ஆய்வுக்கு 2025-ல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரப்படுவது அது.

மதியம் எடுத்த படமெல்லாம் கலங்கி இருக்கிறது. லென்ஸ் கோளாறா?

கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது, தூரம் கூடக் கூட மோசமாகும். வரிகள் நேர்கோடாக இருப்பதால் மற்ற விலங்கைவிட இதில் அப்பட்டமாகத் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் தீராது. நெருங்கி எடுங்கள், அல்லது அந்தக் கானலையே படமாக்குங்கள்: தூரத்து வரிசை ஒன்று வரிகள் உருகித் தண்ணீரில் மிதப்பதுபோல.

பானிங் (ஓடும் விலங்கோடு கேமராவையும் நகர்த்திப் பின்னணியைக் கலங்க வைப்பது) சரியாக வருவதில்லை.

1/30 முதல் 1/60 நொடி, பக்கவாட்டில் ஓடும் விலங்கு, தலையோடு கேமராவை நகர்த்துவது. பாய்ச்சலில் தலை மேலும் கீழும் ஆடும். அதனால் நடையும் ஓட்டமும் அல்லாத சீரான தொங்கோட்டத்தில் போகும்போது முயலுங்கள். பத்தில் ஒன்பது வீணாகும், அது இயல்பு.

கறுப்பு வெள்ளையாக மாற்றலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அதனாலேயே யோசிக்க வேண்டும். பச்சைப் புல் பின்னணியில் வரிகள் துலங்குவதற்குக் காரணமே அந்தப் பச்சை. அதை எடுத்துவிட்டால் சாம்பலில் சாம்பல். தூசி, மூடிய வானம், நெருக்கமான வடிவங்கள் என்றால் மாற்றுங்கள்.

திரையில் சிறிதாக்கினால் வரியில் வானவில் நிறமும் விநோத வளையமும் வருகிறது.

மெல்லிய கோடுகளும் திரையின் புள்ளி வரிசையும் மோதும்போது வருவது. கிரெவியில் அதிகம். ஒரேயடியாகச் சிறிதாக்காமல் படிப்படியாகக் குறையுங்கள், குறைத்த பிறகு கூர்மையாக்குவதை அளவோடு வையுங்கள்.

வண்டியை விட்டு இறங்கி எடுக்க எங்காவது அனுமதி உண்டா?

மாராவில் கிடையாது. கென்யாவில் நைவாஷா அருகே ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவில் நடந்தும் சைக்கிளிலும் போகலாம். வரிக்குதிரைகள் பாதையோரமே மேயும், பின்னால் செங்குத்துப் பாறைச் சுவர். தரையில் உட்கார்ந்து 70-200 லென்ஸில் எடுக்க இதைவிட நல்ல இடம் தெரியாது. நைரோபி தேசியப் பூங்காவில் வண்டியில்தான், ஆனால் வரிக்குதிரைக்குப் பின்னால் நகரத்தின் வானுயர்ந்த கட்டடங்கள் தெரியும்.

மாராவில் பாதையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. டிரோன் அனுமதியில்லாமல் கூடவே கூடாது, பறிமுதலாகும். மாராவை ஒட்டிய தனிக் காப்பகங்களில் வண்டிகள் குறைவு, செலவு அதிகம்.

என் படங்களால் வரிக்குதிரைக்கு ஏதாவது பயன் உண்டா?

கிரெவிக்கு உண்டு. ஒவ்வொன்றின் வரியும் நம் கைரேகை மாதிரி தனித்தனி. 2016 ஜனவரியில் கென்யாவில் கிரெவி பேரணி என்ற பெயரில், பொதுமக்களே ஜிபிஎஸ் கேமராவோடு இரண்டு நாள் வட கென்யாவைச் சுற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார்கள். வரிகளை ஒப்பிடும் மென்பொருள் எது எது என்று பிரித்து எண்ணிக்கையை மதிப்பிட்டது. பிறகும் அந்தப் பேரணி நடந்தது. அதில் கேட்டது ஒரே ஒரு கோணம்: விலங்கின் வலப்பக்கம். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வரி என்பதால், எல்லோரும் ஒரே பக்கம் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஆக, சம்புருவில் மேயும் கிரெவியை வலப்பக்கம் பக்கவாட்டில் எடுத்த அந்தச் சலிப்பூட்டும் படம், விஞ்ஞானிக்கு உங்கள் எதிரொளிப் படத்தைவிட மேல்.

இந்த இடத்தில் குவாகாவைச் சொல்லாமல் முடியாது. தென்னாப்பிரிக்காவின் வரிக்குதிரை வகை, முன்பாதியில் மட்டும் வரி. கடைசி விலங்கு 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சியில் இறந்தது. உயிரோடு இருந்த குவாகாவின் புகைப்படங்கள் என்று இன்று இருப்பவை ஐந்தே ஐந்து. எல்லாமே லண்டன் விலங்குக்காட்சியில் இருந்த ஒரே பெண் குவாகா.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறேன். கவனிக்க வேண்டியவை?

கென்யா போய் வருகிறவருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை இந்தியாவில் திரும்பும்போது கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கென்யாவுக்கு 2024 முதல் விசாவுக்குப் பதில் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கும் பயண அனுமதி.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் போனால் 15 கிலோ, மடங்கும் பைதான். லென்ஸ் எடையை வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள். தூசி கடுமையாக இருக்கும். வெளியில் லென்ஸ் மாற்றாமல் இருப்பதுதான் ஒரே வழி, முடிந்தால் இரண்டு கேமரா. மழைக்கும் தூசிக்கும் கேமராவைச் சுற்ற நம்மூர்க் கடையில் தரும் பிளாஸ்டிக் கவரை எடுத்துப்போகாதீர்கள். கென்யாவில் 2017 முதல் அதற்குத் தடை, விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். பழைய தலையணை உறை ஒன்று போதும்.